கொலம்பியாவில் படித்த பிள்ளையை ரோமில் திருப்பி அனுப்பிய கதை



போன வாரம், எங்களிடம் உயர்தரத்தில் வரலாறு படித்த பிள்ளை ஒருத்தி வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பட்டம் முடித்துவிட்டார். ஐரோப்பியக் கற்கைகளில் முதுமாணி செய்வதற்கு எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். விண்ணப்பத்தை ஒருக்கா பார்த்துத் தரச் சொன்னார். வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சேர், இதப் படிச்சிட்டு வந்தா இஞ்ச ஆரு ஏத்துக்குவாங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் புலமைப்பரிசிலின் வரலாறே இப்படியொரு கேள்வியில்தான் தொடங்குகிறது. அன்று விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறோம்.

சோஃபியா கொராடி ரோமில் 1934 இல் பிறந்தவர். லா சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பட்டத்துக்கு இன்னும் சில பரீட்சைகளே மிச்சமிருந்த நேரத்தில் புல்பிரைட் புலமைப்பரிசில் கிடைத்தது. நியூயோர்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1958 இல் ஊர் திரும்பியவர், அங்கு படித்ததை இங்குள்ள பரீட்சைகளுக்குப் பதிலாகக் கணக்கில் எடுக்கும்படி தன் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டார். மறுத்துவிட்டார்கள். மறுத்தது மட்டுமல்ல, வெளிநாட்டில் உலாப் போய்விட்டு வந்து சலுகை கேட்கிறாய் என்ற தோரணையில், பலர் பார்த்திருக்கத் திட்டியும் அனுப்பினார்கள். இதைப் பின்னாளில் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். மிச்சப் பரீட்சைகளை ரோமில் எழுதித்தான் பட்டத்தை எடுத்தார்.

கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காக அலைந்து திரிந்தவர்களுக்கு அந்த முகம் சுருங்கல் புரியும்.

அந்தப் பெண் அதை மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டு அமைப்பில் ஆலோசகராகச் சேர்ந்ததும், 1969 இல் ஒரு சிறு முன்மொழிவை எழுதினார். மாணவர் தம் படிப்பில் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிக்கலாம், முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தால் திரும்பி வந்ததும் அதைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் துரத்தினார். 1976 இல் ஐரோப்பிய சமூகம் கூட்டுக் கற்கைத் திட்டங்களைச் சிறிய அளவில் தொடங்கியது. 1987 இல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் ஆண்டில் போனவர்கள் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள். அவமானப்பட்டு 29 ஆண்டுகள்! இத்தாலியில் அவரை 'எராஸ்மஸ் அம்மா' என்றே அழைத்தார்கள். 2025 ஒக்டோபரில், 91 வயதில் காலமானார்.

ஐரோப்பாவைப் பற்றியே பட்டப்பின்படிப்பு நடத்தும் வழக்கம் இதைவிடப் பழையது. யுத்தம் முடிந்த கையோடு, 1949 இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஐரோப்பியக் கல்லூரி தொடங்கப்பட்டது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகளை ஒரே விடுதியில் தங்கவைத்துப் படிப்பித்தார்கள். யுத்தம் கண்ட நாட்டில் ஆசிரியர்களாக இருக்கும் எங்களுக்கு அந்த விடுதியைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமை வரும்.

நம்மவர்களுக்கு எராஸ்மஸின் கதவு திறந்தது 2004 இல். அந்த ஆண்டுதான் ஐரோப்பாவுக்கு வெளியில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டு எராஸ்மஸ் முண்டுஸ் ஆரம்பமானது. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 'யூரோகல்ச்சர்' என்ற முதுமாணியை குரோனிங்கன், உப்சாலா, கிராக்கோவ் உட்பட எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. தற்போதைய திட்டத்தில் புலமைப்பரிசில் கிடைத்தவருக்கு மாதம் 1,400 யூரோ, உச்சம் 24 மாதங்கள், கற்கைக் கட்டணமும் இல்லை. தூதரகத்துக்கோ அமைச்சுக்கோ போகத் தேவையில்லை. அந்தக் கற்கையை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டுக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். யாருடைய சிபாரிசுத் தொலைபேசியும் வேண்டாம் என்பது நம் நாட்டில் சின்ன விடயமா?

பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கோரப்படும். இறுதியாண்டில் இருப்பவர்களும் போடலாம். எந்தெந்தக் கற்கைக்கு நிதி உண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டப்பின்படிப்பு நம் சமூகத்துக்குப் புதிதுமல்ல. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் போனவர். சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்ததால் படிப்பை இடையில் விட்டுவிட்டுத் திரும்பி, இந்நாட்டின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியானார். தனக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமென்று 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தவரும் அவரே.

எங்கள் கதை அவ்வளவு அழகானதல்ல. நாங்களும் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். பெறுபேற்று விபரப் பத்திரம் ஒன்றை எடுக்க மூன்று தடவை போய்வந்தோம். அது கைக்கு வந்தபோது முடிவுத் திகதி கடந்து பதினொரு நாள்.

அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு முதலில் சொன்னது, ஊக்கக் கடிதத்தைப் பிறகு எழுதலாம், பத்திரங்களை இப்போதே எடுங்கள் என்பது. வாப்பாவுக்கும் பதில் உண்டு. இங்கு வேலைக்குப் போகும்போது, படித்த பல்கலைக்கழகம் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போவதற்கு முன்பே அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கொராடி போராடிப் பெற்றதும் இந்த 'முன்கூட்டியே' என்ற சொல்லைத்தான்.

நேற்று வாப்பா தொலைபேசி எடுத்தார். கடவுச்சீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாராம். இன்னும் ஒரு விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் வர வேண்டியிருக்கிறது.