700-இல் ஒரு பங்கு: மாதிரிக் கப்பல்களும் நம் பாட்டன்மார் காலமும்



எங்கள் பள்ளியின் வரலாற்றுக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் மாதிரிகளைப் பொருத்தி வருகின்றனர். அதைக் கண்ட பெற்றோர் ஒருவர் என்னிடம் நேர்மையான வினா ஒன்றைக் கேட்டார். கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் வேர்கொண்ட குடும்பம் அவருடையது. அவர் தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. “நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போனவனுடைய கப்பலை நம் பிள்ளை ஏன் சார் அழகு பார்த்துச் செய்ய வேண்டும்?” என்றார்.

ஒதுக்கிவிடக் கூடிய வினாவன்று இது. ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டியதாகையால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பது

இந்த மாதிரிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள் செய்பவை. அவற்றுள் தாமியா 1946-இல் மர வணிகமாகத் தொடங்கியது; பின்னர் மரப் பொம்மைக் கப்பல்களைச் செய்தது; 1960-இல் யமாத்தோ போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டது. 1971-இல் தாமியா, ஹசெகாவா, ஆஒஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, 700-இல் ஒரு பங்கு அளவில் ஒரு வரிசையைத் தொடங்கின. அதில் கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்தோடு நறுக்கப்பட்டிருக்கும். மேசைமேல் வைத்தால் கடலில் மிதப்பது போலவே தோன்றும்.

260 மீட்டர் நீளமுள்ள அகாகி என்னும் கப்பல் இவ்வளவில் 37 சென்டிமீட்டராகிறது. 12 மீட்டர் இறக்கை கொண்ட சீரோ போர்விமானம் 1.7 சென்டிமீட்டர்தான். சட்டத்திலிருந்து பகுதிகளைக் கத்தரிக்கவும், தேய்க்கவும், பசையைத் துளியாக இடவும், நீரில் நனைத்த ஒட்டுப்படத்தை இறக்கையில் நகர்த்தி அமர்த்தவும் பொறுமை வேண்டும். கைப்பேசியை விட்டு அரைமணி நேரம் விலகி இருக்காத பிள்ளை, இரண்டு மணி நேரம் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அளவைப் பாடமும் விகிதப் பாடமும் கைவழியே மனத்தில் ஏறுகின்றன.

ஆயினும், இவ்வளவும் கைத்திறன் மட்டுமே. வரலாறு எங்கே வருகிறது?

பெயரிலேயே தொடங்கும் வரலாறு

மாணவர்களிடம் கப்பல்களின் பெயர்ப்பொருளைத் தேடச் சொன்னேன். சொர்யு, ஹிர்யு என்பன நாகத்தைக் குறிப்பன. ஷொகாகு, சுய்காகு என்பன கொக்கைக் குறிப்பன. நான்கும் வானில் பறப்பவற்றின் பெயர்கள். ஆனால் அகாகி ஒரு மலையின் பெயர்; காகா ஒரு நாட்டுப்பகுதியின் பெயர். ஏன் இவ்விரண்டு மட்டும் மாறுபடுகின்றன?

விடை எளிது. இவை விமானந்தாங்கிகளாகத் தொடங்கப்பட்டவையல்ல. அகாகி விரைவுப் போர்க்கப்பலாகவும் காகா பெரும் போர்க்கப்பலாகவும் கட்டப்பட்டு வந்தன. 1922-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கை போர்க்கப்பல்களின் தொகையைக் கட்டுப்படுத்தவே, பாதிக் கட்டிய உடல்கள் விமானந்தாங்கிகளாக மாற்றப்பட்டன. அகாகியோடு மாற்றப்படவிருந்த அமாகி, 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்ததால் காகா அவ்விடத்திற்கு வந்தது. ஓர் உடன்படிக்கையும் ஒரு நிலநடுக்கமும் இரண்டு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கின்றன!

மலாயாவுக்கு வராத கப்பல்கள்

பிள்ளைகள் பலர், இக்கப்பல்கள்தாம் மலாயாவைப் பிடித்தன என்று எண்ணுகின்றனர். அது சரியன்று. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோது, ஆறு பெரிய விமானந்தாங்கிகளும் ஹவாய்க்கு அருகே நின்றன. முத்துத் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே கோத்தா பாருவில் போர் தொடங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் குவாந்தான் கடலில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றை மூழ்கடித்த விமானங்களும் இந்தோசீனாவின் தரைத்தளங்களிலிருந்து வந்தவையே. 1942 சனவரி 11-இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

அப்படியாயின் இக்கப்பல்களுக்கும் தமிழருக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதற்கு நாம் கடலின் மறுகரைக்குச் செல்ல வேண்டும்.

1942 ஏப்ரல்

அகாகி, சொர்யு, ஹிர்யு, ஷொகாகு, சுய்காகு ஆகிய ஐந்தும் தளபதி நகுமோவின் தலைமையில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 4-இல் பர்ச்சால் என்னும் கனடிய வானோடி இலங்கைக்குத் தெற்கே அவற்றைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின்மேல் குண்டுகள் விழுந்தன. அன்றே ‘டோர்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்னும் இரு கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9-இல் திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மீஸ்’ என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. அதில் அப்போது ஒரு விமானங்கூட இல்லை. 307 பேர் மாண்டனர்.

இதனிடையே ரியூஜோ என்னும் சிறிய விமானந்தாங்கியின் விமானங்கள் ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னையில் அச்சம் பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் திரள்திரளாக நகரைவிட்டு வெளியேறினர்.

‘ஹெர்மீஸ்’ கப்பலுக்கும் மாதிரி உண்டு. ஆஒஷிமா நிறுவனம் வெளியிட்டுள்ளது. அதன் நீளம் 26 சென்டிமீட்டர். அகாகியின் பக்கத்தில் வைத்தால், அந்நாளில் வலியோர் எவர், எளியோர் எவர் என்பது பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

கடல் மூடிய காலம்

நம் முன்னோர்க்குக் கடல் என்பது நாகப்பட்டினமும் பினாங்கும் கிள்ளான் துறைமுகமும் இணைந்த ஒரு தெருப்போல இருந்தது. ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் ஆட்களையும் கடிதங்களையும் சுமந்து சென்றன. போர் அத்தெருவை மூடிவிட்டது. தோட்டத்திலிருந்து ஊருக்குப் பணம் போகவில்லை. ஊரிலிருந்து செய்தி வரவில்லை. ஜப்பான்காரன் காலம் என்று பாட்டிமார் சொல்லும் மூன்றரை ஆண்டுகளில், மரவள்ளிக்கிழங்கோடு அந்த மௌனமும் சேர்ந்தே இருந்தது.

அடுத்து நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இலங்கையைத் தாக்கிய ஐந்தில் அகாகி, சொர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும், அவற்றோடு காகாவும், இரண்டே மாதத்தில், 1942 ஜூன் மாதம் மிட்வே தீவருகே அழிந்தன. அங்கு ஜப்பானியர் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அகாகியில் மட்டும் 267 பேர். அக்கப்பற்படை மீண்டும் வங்கக் கடலுக்கு வரவில்லை. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகச் சரக்கு அனுப்புவது நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தானது. ஆகவே தரைவழி தேவைப்பட்டது. சயாம் - பர்மா இரயில் பாதை 1942-இன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபரில் முடிந்தது.

மிட்வே தோல்வியால்தான் இப்பாதை பிறந்தது என்று மாணவர்க்குச் சொல்லக்கூடாது. பாதைக்கான எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கடலைக் காக்க இயலாத பேரரசு காட்டுக்குள் தண்டவாளம் போட விரைந்தது என்பது உண்மை. அவ்விரைவின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள். அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்க்குப் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

நூற்கண்டுப் பாடம்

இங்கேதான் மாதிரிக் கப்பல் எனக்கு உதவியது. “அகாகியை எந்த அளவில் சுருக்கினார்களோ, அதே அளவில் இரயில் பாதையையும் சுருக்குங்கள்” என்று மாணவர்களிடம் சொன்னேன். 415 கிலோமீட்டரை 700-ஆல் வகுத்தார்கள். 593 மீட்டர் வந்தது. தையல் நூலை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனோம். 400 மீட்டர் ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுசுற்றில் ஏறத்தாழ பாதியை நெருங்கியபோதுதான் நூல் முடிந்தது. தொடக்கத்தில் 37 சென்டிமீட்டர்க் கப்பல் புல்லின்மேல் இருந்தது.

பிறகு மனிதனைச் சுருக்கினோம். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் இரண்டரை மில்லிமீட்டர். ஓர் அரிசிமணியிலும் சிறியவன். அவ்வளவு சிறிய 90,000 பேரைத் தலையும் காலும் தொட நூலின்மேல் வரிசையாகப் படுக்கவைத்தால் எவ்வளவு நீளம் வரும்? கணக்கிட்ட மாணவி “225 மீட்டர், ஐயா” என்றாள். அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பெட்டியின் மேலட்டை ஓவியத்தில் கப்பல் வீறுகொண்டு அலையைக் கிழிக்கிறது. அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கப்பலைத்தான் விற்கிறார்கள். பெட்டியில் இல்லாததை எடுத்து வைப்பது ஆசிரியர் கடமை, பெற்றோர் கடமை.

நம் வாசலில்

பிரிக்பீல்ட்ஸ் வாழ் பெற்றோர்க்கு ஒரு செய்தி. நம் வட்டாரத்தைத் தொட்ட வான்தாக்குதல் கப்பலிலிருந்து வந்ததன்று. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், வங்காளத் தளங்களிலிருந்து வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் இரயில் பணிமனைகளைத் தாக்கின. மார்ச் 10-இல் விழுந்த குண்டுகள் பழைய சிலாங்கூர் அரும்பொருளகத்தையும் சிதைத்தன. அவ்விடத்தில்தான் 1963 முதல் தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. இரயில்வேயில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அன்று இரு பேரரசுகளுக்கு இடையில் நின்றன.

கிள்ளான் பெற்றோர்க்கும் ஒன்று உண்டு. 1945 செப்டம்பர் 9-இல் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இறங்கின. அவற்றுக்குக் காவலாக வந்தவை பிரிட்டனின் சிறிய விமானந்தாங்கிகள். ஜப்பானின் பெரும் விமானந்தாங்கிகளில் பெரும்பாலானவையோ அதற்குள் கடலடியில் கிடந்தன. காகா, அகாகி ஆகியவற்றின் சிதைவுகள் 2019 அக்டோபரில் ஆழ்கடலில் கண்டறியப்பட்டன.

அந்தப் பெற்றோருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “பிள்ளை கப்பலைச் செய்யட்டும். ஆனால் கப்பலை மட்டும் செய்து நிறுத்திவிட வேண்டாம். உங்கள் தாத்தாவின் தம்பி பெயரை ஓர் அட்டையில் எழுதி அனுப்புங்கள்.” அவர் அனுப்பினார். அதன்பின் வேறு சில வீடுகளிலிருந்தும் பெயர்கள் வந்தன. சிலவற்றில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது; ஒன்றில் “பெரியவர், பெயர் தெரியாது” என்றிருந்தது. எல்லாவற்றையும் கப்பலோடு ஒரே மேசையில் வைத்திருக்கிறோம்.

விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் இப்பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். கப்பல் பெட்டி கடையில் எப்போதும் கிடைக்கும், பெயர்கள் அப்படியல்ல.