வல்லூறும் முயலும்: ஐரோப்பியப் பறவை வேட்டையின் வரலாறு

மனிதன் தன் வேட்டைத் துணையாகக் கொண்ட உயிர்களுள் நாயும் குதிரையும் தலைமுறை தலைமுறையாக அவன் வீட்டிற் பிறந்து அவனுக்கு அடங்கியவை. வல்லூறு அத்தகையதன்று. காட்டிற் பிறந்த பறவை பிடிக்கப்பட்டு, சில கிழமைகளிற் பழக்கப்பட்டு, பின்னர் கட்டவிழ்த்து விடப்படுகின்றது. அது விரும்பின் மீளும், விரும்பாவிடின் மீளாது. எனவே ஒவ்வொரு வேட்டையிலும் வேட்டைக்காரன் தன் பறவையை முற்றாக இழந்தே அதனை மீளப் பெறுகின்றான். இக்கலையின் வரலாறு அரசர் பொழுதுபோக்கின் வரலாறு மாத்திரமன்று; வற்புறுத்தலால் வயப்படாத ஓர் உயிரைப் பொறுமையால் வயப்படுத்த மனிதன் கற்றுக்கொண்ட வரலாறுமாகும்.

பறவை வேட்டை ஆசியாவிலே தோன்றியதென்பது அறிஞர் பலரின் கருத்து. கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில் அது ஐரோப்பாவிலும் வழங்கியது. பாரத நாட்டிலும் இக்கலை சாத்திரமாக வகுக்கப்பட்டிருந்தது. குமாவுன் நாட்டு மன்னன் உருத்திரதேவன் வடமொழியில் இயற்றிய 'சைனிக சாத்திரம்' என்னும் நூலை ஹரப்பிரசாத சாத்திரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1910ஆம் ஆண்டு கல்கத்தாவில் வெளியிட்டார்.

இருவகைப் பறவைகள்

ஐரோப்பியர் வேட்டைக்குப் பயன்படுத்திய பறவைகள் பெரும்பாலும் இருவகைப்படும். நீண்ட சிறகுடைய இராசாளிகள் வானில் மிக உயர்ந்து, கொக்கு, நாரை முதலியவற்றின்மேற் பாய்வன. அவ்வேட்டைக்குப் பரந்த வெளியும் குதிரைகளும் பரிவாரமும் வேண்டும். ஆதலின் அது செல்வர்க்கே உரியதாயிற்று. குறுஞ்சிறகும் நீள்வாலும் உடைய வல்லூறுகளோ மரச்செறிவினூடே வளைந்து விரைவன. இவற்றுட் பெரியதாகிய கோஷாக் என்னும் பெருவல்லூறு வேட்டைக்காரன் கையிலிருந்தே புறப்பட்டு முயலைத் தாழப் பறந்து துரத்திப் பற்றும். ஆணினும் பெண் பெரிதாதலின் முயல் வேட்டைக்குப் பெண் பறவையே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. அடுக்களைக்கு இறைச்சி தந்தமையாற் பிரெஞ்சுக்காரர் இப்பறவையைச் 'சமையற்காரன்' என்றே வழங்கினர்.

1486ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான சென்ற் அல்பன்ஸ் நூல் இன்ன நிலையினர்க்கு இன்ன பறவை உரியதென ஒரு வரிசை கூறுகின்றது. பேரரசனுக்குக் கழுகும் சிறு நிலக்கிழானுக்குக் கோஷாக்கும் அதிற் குறிக்கப்படுகின்றன. இவ்வரிசை நடைமுறைச் சட்டமன்று என்பர் இக்கால ஆய்வாளர். ஆயினும் சமுதாயப் படிநிலையைப் பறவையினிடத்தும் கண்ட அக்கால மனப்பான்மையை அது நன்கு காட்டுகின்றது.

மாரிக்காலத்தின் சிறப்பு

இவ்வேட்டை பெரிதும் இலையுதிர் காலத்திலும் மாரியிலுமே நிகழ்ந்தது. வேட்டைப் பறவைகள் கோடையில் இறகு உதிர்ப்பன. புதிய இறகு முற்றும்வரை அவற்றைப் பறக்கவிடாது கூண்டிலே வைத்து ஊட்டுதல் மரபு. இலண்டனில் அரசனது பறவைகள் அவ்வாறு வைக்கப்பட்ட இடம், இறகுதிர்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினடியாக 'மியூஸ்' எனப் பெயர் பெற்றது. 1534ஆம் ஆண்டு அரச குதிரைலாயம் எரிந்தபின் அவ்விடம் லாயமாக்கப்பட்டது, பெயர் மாறவில்லை. இலண்டன் நகரத் தெருப்பெயர்களில் இன்றும் காணப்படும் 'மியூஸ்' என்னும் சொல்லின் வரலாறு இதுவே.

மாரியில் இலையும் புல்லும் உதிர்ந்து முயல் மறையுமிடம் குறைகின்றது. முயல்கள் பெரிதும் ஈன்று வளர்க்கும் பருவமும் கழிந்துவிடுகின்றது. குளிரும் பறவையின் பசியைத் தூண்டுகின்றது. ஆயினும் அக்குளிரே ஆபத்துமாகும். பசியற்ற பறவை மரத்திலமர்ந்து அழைப்புக்குச் செவிசாயாது. உணவு குறைந்த பறவை ஓரிரவுக் குளிரிலே மெலிந்து மடியவுங் கூடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிதலே கலையின் நுட்பம். இக்காலத்தார் நாடோறும் தராசில் நிறுத்து அறிவதை முன்னோர் பறவையின் நெஞ்செலும்பின் இருமருங்கும் விரலாற் தடவி அறிந்தனர்.

பழக்கும் முறை

பிடிக்கப்பட்ட பறவையின் கால்களில் தோல்வார் பூட்டப்படும்; மறைந்தவிடத்து ஒலி கேட்டு அறியச் சிறுமணியும் கட்டப்படும். முதலில் அது கையுறை அணிந்த கையில் அமர்ந்து உண்ணக் கற்கின்றது. பின் ஓரடி தாவுகின்றது. பின்னர் நீண்ட கயிற்றிற் கட்டுண்டு பறந்து வருகின்றது. இறுதியிற் கயிறு நீக்கப்படுகின்றது. முயலைப் பற்றியபின்னும் அதனைப் பறித்தல் ஆகாது. கையில் வேறு இறைச்சி காட்டி, பறவை தானே ஏறிவரச் செய்தல் வேண்டும். அடித்தும் அதட்டியும் வல்லூறைத் திருத்தல் இயலாது. ஒருமுறை வெகுண்ட கையைப் பறவை பின்னர் நாடாது.

பேரரசன் இரண்டாம் பிரெடெரிக்

இக்கலையை ஆராய்ச்சித் துறையாக்கியவன் சிசிலியின் மன்னனும் உரோமப் பேரரசனுமாகிய இரண்டாம் பிரெடெரிக் (1194-1250). 'பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை' என இலத்தீனில் ஆறு பாகங்களாக அவன் இயற்றிய நூல் ஏறக்குறைய 30 ஆண்டுச் சிந்தனையின் பயன் என அவனே கூறுகின்றான். அராபியர் நூலொன்றைத் தன் அவைக்களத்துத் தியோடோர் என்பவரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, பயென்சா நகர் முற்றுகையின்போதும் அதனைத் திருத்திக்கொண்டிருந்தான். பறவையின் கண்மறைக்கும் தோற்குல்லாயைக் கீழைத்தேயத்தாரிடம் அறிந்ததாகவும் ஒப்புக்கொள்கின்றான்.

அக்காலத்து அரிஸ்டோட்டிலின் கூற்றை மறுத்தல் எளிதன்று. பிரெடெரிக்கோ, அப்பேரறிஞர் பறவை வேட்டையிற் பயின்றவரல்லர், பிறர் சொற்கேட்டு எழுதியவர் எனத் துணிந்து கூறினான். பிணந்தின்னிக் கழுகு மணத்தால் இரையறியும் என்றனர் சிலர். அவன் அக்கழுகின் கண்களை மறைத்து முன்னே இறைச்சியை இட்டுப் பார்த்தான். கழுகு அதனை உணரவில்லை. செவிவழிச் செய்தியைச் சோதனையால் அளந்த இம்மனப்பான்மையே அவன் நூலின் பெருமை.

ஆயினும் அவ்வேட்டையே அவனுக்குக் கேடும் விளைத்தது. பார்மா நகரை முற்றுகையிட்ட அவன், வெற்றி உறுதியென எண்ணி 'விற்றோரியா' எனப் பெயரிட்டு ஒரு பாசறை நகர் அமைத்தான். 1248ஆம் ஆண்டு மாசி மாதம் 18ஆம் நாள், குளிர்மிக்க அக்காலத்தில், அவன் பறவை வேட்டைக்குச் சென்றிருந்த வேளை பார்த்துப் பார்மா மக்கள் பாய்ந்து பாசறையை எரித்தனர். முடியும் கருவூலமும் பறிபோயின. அழகிய ஓவியங்களுடன் அமைந்த அவனது பறவை நூற்படியும் உடன் போயிற்று. பின்னர் அவன் மகன் மன்பிரெட் எழுதுவித்த படியொன்று வத்திக்கான் நூலகத்தில் உளது. புறாவின் வட்டத்தையும் கொக்கின் இறகையும் அயராது நோக்கிய கண், எதிரியின் மதிலை ஒரு பொழுது நோக்கத் தவறியது!

வீழ்ச்சியும் மீட்சியும்

17ஆம் நூற்றாண்டின்பின் துப்பாக்கி திருந்தியதும் வெளிகள் வேலியடைக்கப்பட்டதும் இக்கலையை நலிவித்தன. முன்னர் அரசர் கையில் வீற்றிருந்த பறவை, வேட்டைக் காவலரால் தீங்குயிரெனச் சுடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரித்தானியாவில் கோஷாக் இனம் அற்றுப்போயிற்று.

1936ஆம் ஆண்டு ஆசிரியத் தொழிலை விட்டுவந்த ரி. எச். வைற் என்னும் எழுத்தாளர் ஜெர்மனியிலிருந்து ஒரு கோஷாக்கைத் தருவித்து, பழைய நூல்களைத் துணைகொண்டு பழக்க முயன்றார். பறவையை இரவெல்லாம் உறங்கவிடாத முறையை நூலிற் கண்டவாறே கைக்கொண்டார். உணவையோ அளவறியாது மிகக் கொடுத்தார். இறுதியிற் கயிறறுத்துக்கொண்டு பறவை பறந்து போயிற்று. 1951இல் வெளிவந்த அவரது நூல் அத்தோல்வியின் மெய்யான வரலாறு. நூலறிவை அனுபவத்தால் அளந்த பிரெடெரிக்கையும் நூலறிவை மாத்திரம் நம்பிய வைற்றையும் ஒப்புநோக்குவார்க்கு இக்கலையின் உட்பொருள் விளங்கும்.

1960ஆம் ஆண்டுகளிலிருந்து பிரித்தானியக் காடுகளிற் கோஷாக் மீண்டும் கூடு கட்டியது. அவை பெரும்பாலும் வேட்டைக்காரர் கையிலிருந்து தப்பியவும் அவர்கள் விடுவித்தவுமான பறவைகளின் வழிவந்தவை. அமெரிக்காவிலும் பூச்சிகொல்லி மருந்தால் அழிந்துகொண்டிருந்த இராசாளியைக் கூண்டில் இனம்பெருக்கிக் காட்டிற் சேர்த்தோருட் பலர் பறவை வேட்டைக்காரரே. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ 11 நாடுகளின் வேண்டுகோளின்படி இக்கலையை மானிடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. 2021இல் அந்நாடுகளின் தொகை 24 ஆயிற்று.

பற்றிவைத்தவன் கையிலிருந்து விடுபட்ட பறவையே அவ்வினம் நிலைக்க வித்தாயிற்று. நாடுகளையும் நகரங்களையும் அடக்கியாள முயன்ற பேரரசனின் ஆட்சி அவன் மரபோடு அழிந்தது. அடக்க இயலாத பறவையின்முன் அடக்கமாக நின்று அவன் கற்றறிந்தவை மட்டும் இன்றும் நிலைத்துள்ளன.