ஊரே சேர்ந்து சொன்னது: "நாங்கள் தவறினோம்"

தோற்றுப்போன நாடு தன் தோல்விக்கு என்ன காரணம் சொல்லும்? எதிரியிடம் படை அதிகம் என்று சொல்லும். கூட இருந்தவனே குழி பறித்தான் என்று சொல்லும். பழங்காலத்தில் மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. சாமிக்குக் கோபம்!

மோவாப் நாட்டு அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வைத்த கல்வெட்டு ஒன்று 1868ல் இன்றைய ஜோர்டானில் உள்ள திபானில் கிடைத்தது. இப்போது அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் அரசன் ஒம்ரி மோவாபை ஒடுக்கியதற்கு அதில் சொல்லப்படும் காரணம், தங்கள் தெய்வமான காமோஸ் தன் நாட்டின் மேல் கோபமாக இருந்தது என்பதுதான். சரி, ஏன் கோபம்? அதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை.

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொன்னவர்கள் அண்டை நாட்டு யூதர்கள். பழைய ஏற்பாட்டில் நெகேமியா புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தைப் படித்தால் அது புரியும்.

முதலில் பின்னணி. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்து ஆலயத்தை எரித்தது. மக்களில் பலர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 539ல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்த பிறகு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. கி.மு. 515 வாக்கில் ஆலயம் மறுபடி எழுந்தது. கி.மு. 445ல் பாரசீக அரண்மனையில் மன்னருக்குத் திராட்சரசம் பரிமாறும் பதவியில் இருந்த நெகேமியா ஆளுநராக வந்தார். 52 நாளில் மதில் முடிந்தது என்கிறது புத்தகம்.

மதில் எழுந்துவிட்டது, ஆனால் உள்ளே இருந்த நிலைமை? பலர் வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினார்கள். ராஜாவின் வரியைக் கட்டக் கடன் வாங்கினார்கள். பெற்ற பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள். கடன் கொடுத்து நெருக்கியவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்த யூதர்களே!

இந்த மக்கள்தான் ஏழாம் மாதம் 24ஆம் தேதி பட்டினியாக, சாக்குத்துணி உடுத்தி, தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு கூடினார்கள். பகலில் கால் பங்கு நேரம் வேத வாசிப்பு, இன்னொரு கால் பங்கு நேரம் பாவ அறிக்கை. லேவியர்கள் முன்னின்று செய்த ஜெபம் ஒரு வரலாற்றுப் பாடம் மாதிரியே இருக்கிறது. படைப்பு, ஆபிரகாம், எகிப்து, பாலைவனம், அரசர்கள், சிறையிருப்பு என்று வரிசையாகப் போகிறது. எல்லாக் கட்டத்திலும் ஒரே கதைதான். மக்கள் மீறுகிறார்கள், கடவுள் கைவிடுவதில்லை. பொன் கன்றுக்குட்டி செய்த பிறகும் மன்னா நிற்கவில்லை.

இந்த மாறாத அன்புக்கு எபிரேயத்தில் 'ஹெசெத்' என்று பெயர். கொடுத்த வாக்கை விடாத அன்பு என்று சொல்லலாம். மனந்திரும்புதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் 'திரும்புவது'தான். தமிழ்ச் சொல்லிலும் அந்தத் 'திரும்பு' இருப்பது அழகு!

ஜெபத்தின் முடிவில் அவர்கள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. சொந்த மண்ணிலேயே அடிமைகளாக இருக்கிறோம், விளைச்சல் அந்நிய ராஜாக்களுக்குப் போகிறது, எங்கள் துன்பத்தைச் சின்னதாக எண்ணிவிடாதீர் என்கிறார்கள். அவ்வளவுதான்.

முன்னோர் செய்ததற்குப் பேரன் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். தகப்பனின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரமே சொல்கிறது. ஆனால் இவர்கள் முன்னோரை மட்டும் குறை சொல்லி ஒதுங்கவில்லை. அதே பழக்கம் எங்களிடமும் இருக்கிறது என்கிறார்கள். அதனால்தான் அழுகையோடு நிறுத்தாமல் உடன்படிக்கை எழுதி, 84 பேர் பெயரோடு முத்திரை போட்டார்கள். ஏழாம் வருடத்தில் கடனை வசூலிப்பதில்லை, ஓய்வுநாளில் பொருள் வாங்குவதில்லை, ஆலயத்துக்கு வருடம் மூன்றில் ஒரு பங்கு சேக்கல் தருவது என்று எல்லாம் நடைமுறை விஷயங்கள்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. அந்நியரை விலக்குவதும் இந்த மனந்திரும்புதலில் சேர்ந்தே வருகிறது. எஸ்றா புத்தகத்தில் அந்நிய மனைவிகளைப் பிள்ளைகளோடு அனுப்பிவிட முடிவு செய்கிறார்கள். அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதே பைபிளில்தான் தாவீதின் கொள்ளுப்பாட்டியான ரூத் ஒரு மோவாபியப் பெண் என்றும் இருக்கிறது.

கடைசியில் உடன்படிக்கை நிலைத்ததா? இல்லை. நெகேமியா பாரசீக மன்னரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பங்கு கிடைக்காத லேவியர்கள் வயலுக்குப் போயிருந்தார்கள். ஓய்வுநாளில் தீரு ஊரார் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். தோல்விதான். ஆனால் மக்கள் வாக்குத் தவறுவார்கள் என்பதைத்தானே அந்த ஜெபமே சொன்னது? அவர்கள் நம்பியது தங்கள் கையெழுத்தை அல்ல, கடவுளின் ஹெசெத்தை.

இன்றும் யோம் கிப்பூர் நாளில் யூதர்கள் பாவ அறிக்கையை 'நாங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். திருடாதவரும் 'திருடினோம்' என்று சேர்ந்து சொல்கிறார். ஊரில் ஒருவன் திருடும் நிலை வந்ததில் எனக்கும் பங்கு இருக்கலாம் என்று ஒத்துக்கொள்வதாகவே எனக்கு அது படுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?