அயல்நாட்டுக் கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு

ஒரு நாட்டின் வங்கியில் வாங்கிய கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டியை, வேறொரு நாட்டில் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை இது. எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் நிபந்தனைகளோடு உண்டு. கல்லூரி தகுதியுள்ளதா என்பதை அமெரிக்கச் சட்டம் முதலில் கேட்கிறது. கடன் கொடுத்தது யார் என்பதை இந்தியச் சட்டம் முதலில் கேட்கிறது. சென்னையிலோ கோவையிலோ கடன் எடுத்து அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து அங்கேயே வேலையில் அமர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இதுதான். வட்டி இந்திய வங்கிக்குப் போகிறது என்பதற்காக மட்டும் அமெரிக்காவில் கழிவு மறுக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் 1986-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் தனிநபர் கடன் வட்டிக்கான கழிவை நீக்கியது. கல்விக்கடனுக்கு மட்டும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீட்டுக்கொடுத்தது. வரிச் சட்டத்தின் 221-ஆம் பிரிவாக 1998-இல் நடைமுறைக்கு வந்தபோது உச்சவரம்பு 1,000 டாலர். முதல் 60 மாதத் தவணைகளின் வட்டிக்கு மட்டுமே அது பொருந்தியது. 2001-இல் உச்சவரம்பு 2,500 டாலரானது. 60 மாதக் கட்டுப்பாடு 2002 முதல் விலக்கப்பட்டது. அதன்பின் கல்விக்கட்டணம் எவ்வளவோ ஏறிவிட்டது. 2,500 மட்டும் அப்படியே நிற்கிறது. விலைவாசிக்கேற்ப, கழிவு பெறுவதற்கான வருமான வரம்பை உயர்த்தும் சட்டம் கழிவுத் தொகையையும் உயர்த்தாமலிருப்பது கடனாளி மாணவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

கடன் கல்விச் செலவுக்காக மட்டுமே வாங்கப்பட்டிருக்க வேண்டும். கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து ஆகியவை அந்தச் செலவில் அடங்கும். பாதியைக் கட்டணத்துக்கும் மீதியை வீட்டு மராமத்துக்கும் செலவழித்த கடன் தகுதி பெறாது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவியிடம் வாங்கிய கடனுக்கும், வேலை கொடுப்பவரின் திட்டத்தில் வாங்கிய கடனுக்கும் கழிவு இல்லை. மாணவர் பட்டம் அல்லது சான்றிதழுக்கான படிப்பில் குறைந்தது பாதி நேர மாணவராகவேனும் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வித்துறையின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கேற்கும் தகுதி அந்தக் கல்வி நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சில பல்கலைக்கழகங்களுக்கும், எடுத்துக்காட்டாக ஆக்ஸ்ஃபோர்டு, டொராண்டோ ஆகியவற்றுக்கும், இத்தகுதி உண்டு. இந்தியாவில் படித்த இளநிலைப் பட்டத்துக்கான கடன் என்றால், அந்தக் கல்லூரிக்கு இத்தகுதி இருக்கிறதா என்று பார்த்த பின்பே கழிவு கேட்க வேண்டும்.

கடனைத் திருப்பிக் கட்டும் சட்டப் பொறுப்பு கழிவு கேட்பவருக்கு இருக்க வேண்டும். இந்திய வங்கிகள் வழக்கமாக மாணவரைக் கடனாளியாகவும் தந்தை அல்லது தாயை இணைக்கடனாளியாகவும் சேர்ப்பதால் இதில் சிக்கல் எழுவது குறைவு. அப்பாவின் பெயரில் மட்டும் எடுத்த கடனுக்கு, மகள் அமெரிக்காவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினாலும், மகளின் வரிக் கணக்கில் கழிவு கிடைக்காது. கழிவு கேட்பவரை வேறொருவர் தம் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டும் நிலையும் இருக்கக் கூடாது.

அமெரிக்க வங்கிகள் ஓராண்டில் 600 டாலர் அல்லது அதற்கு மேல் வட்டி பெற்றால் 1098-ஈ என்ற படிவத்தை அனுப்பும். இந்திய வங்கி அதை அனுப்பாது. அந்தப் படிவம் இல்லாததால் உரிமை போய்விடுவதில்லை. அமெரிக்க வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் முதல் இணைப்பில் உரிய வரியில் தொகையை மட்டுமே எழுதுகிறோம். கடன் கொடுத்தவர் பெயரை அங்கே கேட்பதில்லை. ஆதாரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்: கடன் அனுமதிக் கடிதம், கட்டண ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட்.

வங்கி தரும் வட்டிச் சான்றிதழை அப்படியே எடுத்து எழுதிவிடக் கூடாது. அது ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. அமெரிக்க வரி ஆண்டோ ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கணக்கில் பற்று வைக்கப்பட்ட வட்டியையே சில சான்றிதழ்கள் காட்டுகின்றன. கழிவோ உண்மையில் கட்டிய வட்டிக்கு மட்டும். ஆகவே ஸ்டேட்மென்டை மாத வாரியாகப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வங்கி தவணை கேட்காமல் வட்டியைச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு அசலோடு சேர்த்துவிடுவதுண்டு. அப்படிச் சேர்ந்த வட்டி வங்கிக் கணக்கில் அசலாகத் தெரிந்தாலும் அமெரிக்க விதிகளில் அது வட்டியே. ஒவ்வொரு தவணையும் முதலில் நடப்பு வட்டிக்கும், பிறகு கடன் தொடக்கக் கட்டணத்துக்கும், அடுத்து இப்படி அசலோடு சேர்ந்த வட்டிக்கும், கடைசியில் உண்மையான அசலுக்கும் போவதாகக் கொள்ளப்படும். இதைக் கவனிக்காதவர்களுக்குத்தான் இழப்பு.

தொகையை டாலரில் காட்ட வேண்டும். அமெரிக்க உள்நாட்டு வருவாய்த்துறை வெளியிடும் ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தைப் பயன்படுத்தலாம். 40 லட்ச ரூபாய்க் கடனுக்கு 10.5 சதவீதத்தில் ஓராண்டு வட்டி 4,20,000 ரூபாய். டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்தால் 5,000 டாலர். கழிவு 2,500 தான். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 550 டாலர் மிச்சம். 2025-ஆம் ஆண்டு வருமானக் கணக்கில், தனிநபருக்கு 85,000 டாலர் வருமானத்தைத் தாண்டியதும் கழிவு படிப்படியாகக் குறைந்து ஒரு லட்சத்தில் அற்றுப்போகிறது. 91,000 வருமானம் உள்ளவருக்கு 1,500 கிடைக்கும். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு இந்த வரம்பு 1,70,000 முதல் 2,00,000 வரை. மணமானவர் தனித்தனியே தாக்கல் செய்தால் எதுவும் இல்லை. மென்பொருள் வேலைச் சம்பளம் விரைவில் வரம்பைத் தாண்டிவிடுவதால், படிப்பு முடிந்த முதல் சில ஆண்டுகளில்தான் இது பெரிதும் கைகொடுக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் வரி நோக்கில் குடியிருப்பவரல்லாதவராக 1040-என்.ஆர். தாக்கல் செய்வோரும் இக்கழிவைக் கேட்கலாம். ஆனால் அவர்களில் மணமானவர்களுக்குக் கிடைக்காது.

இந்தியாவில், 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் உச்சவரம்பே இல்லை. வட்டி முழுவதையும், கட்டத் தொடங்கிய ஆண்டு உட்பட 8 ஆண்டுகளுக்குக் கழிக்கலாம். படிப்பு வெளிநாட்டிலும் இருக்கலாம். ஆனால் கடன் இந்திய வங்கிச் சட்டத்துக்கு உட்பட்ட வங்கி, அரசு அறிவித்த நிதி நிறுவனம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட அறக்கட்டளை ஒன்றிலிருந்தே வந்திருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் நேரடியாகக் கடன் வாங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு இங்கே கழிவு இல்லை. புதிய வரி முறையில் 80இ கிடையாது.

தமிழர் மிகுதியாக வாழும் கனடாவில் அரசு மாணவர் கடன்களின் வட்டிக்கு மட்டுமே வரி வரவு உண்டு; வேறு நாட்டுக் கடன் சேராது. பிரிட்டனில் தனிநபர் கல்விக்கடன் வட்டிக்குக் கழிவே இல்லை.

அமெரிக்காவில் கழிவைக் கேட்காமல் விட்டவர், பொதுவாக அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திய கணக்கு அனுப்பி, கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம்.