பெரியப்பாவின் ஹெரால்டும் நான் தப்பாக நடத்திய பாடமும்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. "சென்னைப் பக்கம் கார் தொழிற்சாலை வந்தது 1990களில்தான்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பரீட்சையிலும் கேட்டேன். ஒரு பையன் மட்டும் 'வண்டலூர், அதற்கு ரொம்ப முன்னாடியே' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

போன மாதம் ஊரில் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையை இடிக்க முடிவானது. உள்ளே அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவர் 1997இல் காலமானதிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஒரு மாதம் பொறுங்கப்பா" என்று தம்பிகளிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்ன முதல் வார்த்தை, "சார், சாவிய மட்டும் திருகிடாதீங்க."

காரணம் இருக்கிறது. பல வருஷம் நின்ற இஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் துருவோடு சிலிண்டரில் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் வளையம் உடையும். பாய் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நான்கு நாள் ஊற வைத்தார். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டி இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைத்தார். ஐந்தாம் நாள் முழுச் சுற்று சுற்றியது. என் கண் கலங்கியது உண்மை.

இந்த நாட்களில்தான் காரை உட்கார்ந்து பார்த்தேன். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அடியில் தனிச் சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் புதிய காரைப் பல இடங்களில் செய்த துண்டுகளை ஒன்றாகப் பூட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1959இல் அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. கதியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு, துண்டுகளாகக் கப்பலில் வாங்கிப் பூட்டும் நமக்கு வசதியாகப் போயிற்று. 1961இல் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையிலிருந்து நம்ம ஹெரால்டு வந்தது.

அதற்கு முன்பே அங்கே வான்கார்டு, ஸ்டாண்டர்ட் 10 எல்லாம் செய்தார்கள். எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள்தான் கார் தயாரிக்கலாம் என்று 1953 வாக்கில் அரசு சொன்னதும், மூட்டை கட்டிக்கொண்டு போன கம்பெனிகளில் ஃபோர்டும் ஒன்று! நான் புதிதாக வந்ததாகப் பாடம் நடத்தியது, போய்விட்டுத் திரும்பி வந்தவரைப் பற்றி.

வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டும் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! துணியால் துடைத்தபோது ஆதாரம் கிடைத்தது. டைனமோவில் லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்திருக்கிறது. 1960களில் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பின்னாளில் வந்த பெரிய கம்பெனிகள் கால் வைத்தது வெறும் பொட்டலில் இல்லை. எங்களுடையது நான்கு கதவு மார்க் 3. நான்கு கதவு ஹெரால்டை இங்கிலாந்துக்காரர்கள் செய்யவே இல்லை, இந்தியாவில் மட்டும்தான். இதைப் பாய் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை (வாத்தியார் புத்தி).

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். டேங்கில் பெட்ரோல் பிசினாகி, அடியில் துரு. அதைத் தொடாமல் சின்ன கேனிலிருந்து தனிக் குழாய் கொடுத்தோம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் காய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது. கார்புரேட்டரை முழுதாகப் பிரித்துக் கழுவினார். பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தார். புது பேட்டரி, புது எண்ணெய்.

போன ஞாயிறு காலை, மூன்றாவது முயற்சியில் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. 948 சி.சி. இஞ்சின் முதலில் மூன்று சிலிண்டரில் தடுமாறி, பிறகு நான்கிலும் ஓடியது. திண்ணையில் இருந்த பெரியம்மா, "அவர் வந்துட்டாரா?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

வண்டி இன்னும் நகரவில்லை. பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் எல்லாம் போய்விட்டது. அது முடியாமல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது என்பது பாய் கட்டளை. ஆர்.சி. வேலையும் இருக்கிறது. ஆனால் இரும்புக்காரரை வர வேண்டாம் என்று தம்பிகளே சொல்லிவிட்டார்கள்.

வண்டலூர் என்று எழுதிய அந்தப் பையனின் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் நினைவில்லை. அவன் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாரோ என்னவோ, அன்று நான் கேட்கவே இல்லை. தம்பி, நீ இதைப் படித்தால் கீழே எழுது. உனக்கு இரண்டு மதிப்பெண் தர வேண்டும்.