கருவுறாத மாதத்திற்கு 5 ரூபாய்

தோட்டத் தொழிலாளர் குடும்பநலம், உடல்நலம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. இந்த 'நலம்' யாருடைய கணக்கில் வரவாகிறது? கேள்வியைக் கொஞ்சம் தீர்க்கமாகக் கேட்க நீலகிரியிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது.

1893இல் தோன்றி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி, 1971இல் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு சோதனையைத் தொடங்கிற்று. பெண் தொழிலாளி கருவுறாதிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் நிர்வாகம் 5 ரூபாய் போட்டு வைக்கும். கையில் தராது. பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகுதான் எடுக்கலாம். நடுவில் பிள்ளைகள் கூடினால் சேர்ந்ததில் வெட்டு விழும். வருஷத்துக்கு 60. ஒருமுறையும் கருவுறாமல் 20 வருஷம் கொழுந்து பறித்தால், வட்டி நீங்கலாக 1200 ரூபாய். 'பேறில்லா போனஸ்' என்றே இதற்குப் பெயர்.

யோசனை ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளருடையது. உபாசியின் மருத்துவ ஆலோசகர் வி. ஐ. சாக்கோ இதை நடைமுறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். ரிட்கரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. முதுமையில் யார் கஞ்சி ஊத்துவது என்ற பயத்தில்தான் ஏழைகள் பிள்ளை பெறுகிறார்கள். முதுமைக்குப் பணம் சேர்த்துக் கொடுங்கள், பயம் போய்விடும் என்றார் அவர். சரிதான். ஆனால் வாதத்தின் மறுபாதி நிர்வாகத்தின் பேரேட்டில் இருக்கிறது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். பேறுகாலச் சம்பளம் வேறு. ஆக, பிறக்காத ஒவ்வொரு குழந்தையும் நிர்வாகத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்திலிருந்துதான் இந்த 5 ரூபாய். போராடிப் பெற்ற சட்ட உரிமை செலவாக மாறி, செலவு மிச்சமாகி, மிச்சத்தின் ஒரு துண்டு 'போனஸ்' என்று திரும்பி வருகிறது.

மக்கள்தொகையைக் கையாளும் அதிகாரம் குறித்து ஃபூக்கோ எழுதியது 1976இல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, மாதவிலக்கைக் கணக்கேட்டில் ஏற்றிவிட்டது இந்த மலை. (நம் ஆட்கள் பாரிஸிலிருந்தே தொடங்குவார்கள். இருக்கட்டும்.)

1972இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. தோட்டங்களுக்கும் சேர்த்துத்தான். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்றது. எத்தனை பிள்ளை என்று கேட்கவில்லை. கவாத்து வெட்டிய ஆணுக்கும் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் ஒரே விதி. முதுமைக்குப் பணம் என்ற அதே நோக்கத்தை, கர்ப்பப்பையைத் தொடாமலேயே நிறைவேற்ற வழி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இதை வைத்து எல்லாவற்றையும் சூழ்ச்சி என்று முடித்துவிட நான் தயாராக இல்லை. வரிசையாகப் பெற்று, பாதியைப் புதைத்து, மறுநாள் மலையேறிய உடம்புக்குப் பிள்ளைப்பேறு போதும் என்று தோன்றியிருக்காதா? 'எனக்குப் போதும்' என்று அவள் சொல்வதும் 'எங்களுக்குப் போதும்' என்று நிர்வாகம் சொல்வதும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. பிறப்பு விகிதம் என்ற அட்டவணையால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. ரிட்கர் 1980இல் வெளியிட்ட கட்டுரையும் ஒரு சேமிப்புத் திட்டத்தின் பலனைப் பற்றியதுதான்.

அதே காலத்தில் உபாசி நடத்திய தொழிலாளர் நலத் திட்டத்தில் தொழிலாளர்களிலிருந்தே 'இணைப்புப் பணியாளர்'களைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரியே காய்ச்சலையும் விசாரிப்பாள், நாள் தள்ளிப்போனதையும் விசாரிப்பாள். அக்கறையும் வேவும் ஒரே வாயிலிருந்து, லயத்துப் பேச்சிலேயே வரும். 'ஏக்கா, இந்த மாசம் குளிச்சியா?' என்று அவள் கேட்கும்போது, அதைக் கேட்பது யார்? நிர்வாகமா, தங்கச்சியா?

1971இல் 25 வயதில் கூடை தூக்கியவர்கள் இருந்தால் இன்று எண்பதை ஒட்டியிருப்பார்கள். அந்த 5 ரூபாயை எதற்குச் செலவழித்தார்கள், வெட்டு விழுந்தபோது வீட்டில் யாரிடம் அடி வாங்கினார்கள் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு அதிக நாள் இல்லை.