வீதியும் லென்ஸும்

புகைப்படக் கலை தோன்றிய பின்னரும் நெடுங்காலம் வீதியின் வாழ்வு அதற்கு எளிதில் அகப்படவில்லை. கனத்த பெட்டி, முக்காலி, கண்ணாடித் தட்டுகள் ஆகியவற்றைச் சுமந்து வருபவர் முன்னே மக்கள் நின்று காட்சி தருவார்களேயன்றித் தம் போக்கில் நடமாட மாட்டார்கள்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்கர் பர்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய இவர், மூச்சிரைப்பு நோயால் வருந்தியவர். பாரம் சுமக்க இயலாத நிலையில், திரைப்படச் சுருளைக் கொண்டே இயங்கும் சிறு காமிரா ஒன்றை 1914ஆம் ஆண்டளவில் அமைத்தார். திரைப்படக் கட்டத்தின் அளவு 18க்கு 24 மில்லிமீட்டர். அதனை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா இதன் வழி வந்ததே. மாக்ஸ் பெரெக் வகுத்த 50 மில்லிமீட்டர் குவிதூர லென்ஸ் அதில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. ‘எந்த லென்ஸ்?’ என்ற வினாவும் உடன் வந்தது.

இவ்வினாவின் உட்பொருளை எளிய கணக்கு ஒன்று விளக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் பத்து அடி தூரத்தில் நின்று ஒருவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். அதே அளவில் அவர் உருவம் படத்தில் அமைய வேண்டுமாயின், 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏழு அடிக்கும், 28க்கு ஏறத்தாழ ஐந்தரை அடிக்கும் நெருங்கியாக வேண்டும். குவிதூரம் குறையக் குறையச் சுற்றுப்புறம் மிகுதியாகப் படத்தில் புகும். எடுப்பவரும் எதிரில் உள்ளவரின் அருகே செல்ல நேரும். ஆகவே லென்ஸைத் தேர்வது, மனிதருக்கு மனிதர் உள்ள தூரத்தைத் தேர்வதே ஆகும்.

பிரெஞ்சுக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே பிரெஸ்ஸான் 1932இல் லைக்காவைக் கைக்கொண்டார். வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸையே பயன்படுத்தினார். காமிராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்து, பிறர் கருத்தைக் கவராமல் உலவுவது அவர் வழக்கம். 1948இல் காந்தியடிகள் மறைந்தபோது டில்லியில் திரண்ட மக்களின் துயரைப் பதிவு செய்தவர் அவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் இறுதி நாட்களையும் படமெடுத்தார். அத்தகைய இடங்களில் சற்று விலகி நிற்பது மரியாதையுமாகும்.

நியூயார்க்கின் காரி வினோகிராண்ட் மேற்கொண்ட வழி வேறு. 1960களில் அவர் 28 மில்லிமீட்டர் லென்ஸுடன் கூட்டத்தினுள்ளேயே புகுந்தார். அவர் படங்களில் நாம் பார்வையாளராக நிற்பதில்லை. நடைபாதை நெரிசலில் தோளோடு தோள் உரசுகிறோம். இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பது பொருந்தாது. ஒன்றில் அடக்கம் உண்டு. மற்றொன்றில் துணிவு உண்டு.

1959இல் 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை குவிதூரம் மாறும் ‘ஜூமார்’ லென்ஸ் வெளிவந்தது. நின்ற இடத்திலிருந்தே உருவத்தைப் பெரிதாக்கும் வசதி இத்தகைய காமிராக்களுக்கும் வாய்த்தது. ஆயினும் வீதிக் கலைஞர் பலர் ஒற்றைக் குவிதூரத்தை விடவில்லை. ஒரே லென்ஸுடன் நாள்தோறும் பழகினால், சட்டத்தில் எவ்வளவு அடங்கும் என்பதைக் காமிராவை உயர்த்துமுன்பே கண் அறிந்துவிடும். கணத்தில் மறையும் காட்சிக்கு இந்தப் பழக்கமே துணை.

மாணவ நண்பர்களே! இன்றைய கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 28 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஒப்பான பரப்பைக் காட்டுவது. வினோகிராண்ட் நின்ற நெருக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு மாதம், விரலால் உருவத்தைப் பெரிதாக்காமல், கால்களால் நடந்து சென்று படமெடுத்துப் பாருங்கள். எவ்வளவு அருகில் செல்லலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை எதிரில் வரும் மனிதரின் முகமே உங்களுக்குச் சொல்லும். அதன்பின் எந்த லென்ஸை வாங்குவது என்ற முடிவு எளிதாகும்.